முகூர்த்தத்துக்கு எத்தனை மெகாபிட்?

இன்னமும் டிவிடி கேட்கிறார்கள். முழுக் கல்யாணத்தையும் கைப்பேசியிலேயே பார்த்துவிடுகிற காலத்தில், செக்கானூரணியிலிருந்தோ வாடிப்பட்டியிலிருந்தோ யாராவது ஒருவர் வந்து சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுக்கிறார். "அப்பத்தா வீட்டில் பிளேயர் இருக்கிறது. அதில் ஓடுகிற மாதிரி ஒரு டிஸ்க் போட்டுக் கொடுங்கள் அண்ணே" என்கிறார். இன்னொரு கூட்டம் நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. 2005, 2008 என்று மார்க்கரில் ஆண்டு எழுதிய பழைய டிஸ்கை நீட்டி, எப்படியாவது போனில் ஏற்றித் தரச் சொல்கிறது. மதுரையில் பிறர் எடுத்துவந்த கல்யாண வீடியோக்களை வெட்டி, ஒட்டி, டிஸ்காக்கித் தரும் வேலையில் நெடுநாள் உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் இரண்டு தரப்புக்கும் தேவைப்படுகிறேன்.

இந்த வேலையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்துக் கல்யாண டிவிடிகளில் படம் கட்டம் கட்டமாக உடைவதற்குக் கேமராவும் கணினியும் பெரும்பாலும் காரணமில்லை. யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற உறவுக் கணக்குதான் காரணம்.

முதலில் டிஸ்கின் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒற்றை அடுக்கு டிவிடியின் உறையில் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருப்பார்கள். அதாவது 470 கோடி பைட். கணினி 1,024ஆல் வகுத்து எண்ணுவதால் அதே இடத்தை 4.37 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. ஒரு பைட் என்பது எட்டு பிட், பத்து லட்சம் பிட் ஒரு மெகாபிட். அந்தக் கணக்கில் மொத்தம் 37,600 மெகாபிட். உங்கள் வீடியோ எத்தனை விநாடி ஓடுகிறதோ அதனால் இதை வகுத்தால், ஒரு விநாடிக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது வந்துவிடும். பிட்ரேட் என்பது இதுதான். ஒரு மணி நேரம் என்றால் 10 மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேல். டிவிடி விதிப்படி படத்துக்கு 9.8 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது என்பதால், அவ்வளவு இடத்தையும் பயன்படுத்தக்கூட முடியாது. இரண்டு மணி நேரம் என்றால் 5.2. மூன்று மணி என்றால் 3.5. நான்கு மணிக்கு 2.6. ஐந்து மணி நேரத்தைத் திணித்தால் 2.1.

இதில் ஒலிக்கும் மெனுவுக்கும் கோப்பு அமைப்புக்கும் போக மீதிதான் படத்துக்கு. மினி டிவி (Mini DV) என்ற சிறு கேமரா கேசட்டில் வந்த மூலப்படம் விநாடிக்கு 25 மெகாபிட்; ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினியில் இறக்கினால் சுமார் 13 ஜிபி பிடிக்கும். அதைப் பன்னிரண்டில் ஒரு பங்காக நசுக்கினால் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். அதற்கு முந்தைய விசிடியோடு ஒப்பிட்டால் இன்னும் வேடிக்கை. விசிடியின் படம் 352க்கு 288 புள்ளிகள். அதற்கு விநாடிக்கு 1.15 மெகாபிட். டிவிடியின் படம் 720க்கு 576, நான்கு மடங்கு பெரியது. ஐந்து மணி நேரக் கல்யாணத்தை ஒரே டிவிடியில் அடைத்தால், புள்ளிக்குப் புள்ளி பார்க்கும்போது விசிடிக்குக் கிடைத்த பிட்கூட அதற்குக் கிடைக்காது. "விசிடி வேண்டாம், டிவிடியாகவே போடுங்கள், அதுதான் தெளிவாக இருக்கும்" என்று கேட்டு வாங்கிப் போனவர்கள், விசிடியைவிட மோசமான படத்தைப் பார்த்த கதை இப்படித்தான் நடந்தது.

சரி, வெட்டிச் சுருக்க வேண்டியதுதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இங்கே கல்யாண வீடியோ பொழுதுபோக்குக்கு எடுப்பதன்று. அது ஒரு பதிவேடு. யார் என்ன செய்முறை செய்தார்கள் என்பதற்கு மொய் நோட்டில் தொகை இருக்கும், வீடியோவில் முகம் இருக்கும். காதணி விழாவென்றால் தாய்மாமன் சீர் தெருமுனையில் கிளம்பி, மேளத்தோடு, மாலை போட்ட ஆட்டுக்கிடாயோடு, தட்டுத் தட்டாக மண்டபத்துக்குள் நுழைவது வரை ஒரு தட்டும் விடுபடாமல் வேண்டும். ஒருமுறை உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் டிஸ்கைத் திருப்பிக் கொண்டுவந்தார். "தம்பி, என் மச்சான் கொண்டுவந்த தட்டு இருபத்தொன்று. இதில் பதினாறுதான் வருகிறது. மீதி ஐந்தை நான் எங்கே போய்க் காட்டுவேன்?" என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை; உண்மையிலேயே கவலைப்பட்டார். மச்சான் வீட்டில் அடுத்த விசேஷம் வரும்போது இந்த வீடியோவைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். அவரிடம் போய்ப் பிட்ரேட் பற்றிப் பேச முடியுமா?

ஆக, வெட்ட முடியாது. இரண்டு டிஸ்க் போடலாம் என்றால் செலவு என்பார்கள். வெற்று டிஸ்கின் விலையைவிட உறவினர்களுக்குக் கொடுக்கும் பிரதிகள்தான் செலவைக் கூட்டின. இரட்டை அடுக்கு டிஸ்க் 8.5 ஜிபி கொள்ளும். ஆனால் விலை அதிகம், மலிவான பிளேயர்கள் பலவற்றில் அடுக்கு மாறும் இடத்தில் படம் நின்று திணறும். கடைசியில் எல்லாரும் செய்தது ஒன்றுதான்: பந்தி நீள நீளச் சாம்பாரில் தண்ணீர் ஊற்றுவது.

அந்தத் தண்ணீர் முதலில் தெரிவது, கொடுமை என்னவென்றால், தாலி கட்டும் நேரத்தில். டிவிடியின் படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறை எப்படி இடத்தை மிச்சம் பிடிக்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். அது எல்லாப் பிரேமையும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்தையும், முழுதாக எழுதுவதில்லை. அரை விநாடிக்கு ஒருமுறை ஒரு பிரேமை முழுப் படமாக வைத்துக்கொள்ளும். நடுவில் உள்ளவற்றுக்கு, 'இந்தக் கட்டம் அங்கிருந்து இங்கே நகர்ந்தது, இது மாறவில்லை' என்று மாற்றத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். நம் நாட்டு டிவி முறையான 'பால்' (PAL) முறை டிவிடியில் ஒரு முழுப் படத்திலிருந்து அடுத்த முழுப் படத்துக்கு 15 பிரேமுக்கு மேல் போகக் கூடாது. மேடையில் வரிசையாக நின்று போட்டோவுக்குப் பார்க்கும் ஆட்கள் இந்த முறைக்கு மிகவும் பிடித்தமானவர்கள், அசையவே மாட்டார்கள். கெட்டிமேளம் கொட்டிய உடன் என்ன நடக்கிறது? நூற்றுக்கணக்கான அட்சதை மணிகள் ஆளுக்கொரு திசையில் பறக்கின்றன. உட்கார்ந்திருந்த கூட்டம் ஒரே நேரத்தில் எழுகிறது. போட்டோ எடுப்பவரின் ஃபிளாஷ் ஒரு பிரேமை மட்டும் வெள்ளையடித்துவிட்டுப் போகிறது. அதற்கு முந்தைய பிரேமிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. ஹோமப் புகை வேறு. பின்னணியில் சீரியல் விளக்குகள் அணைந்து அணைந்து எரிகின்றன. மணப்பெண்ணின் தலையில் மல்லிகைச் சரம், சேலையில் ஜரிகை, பக்கத்தில் நிற்கும் அத்தையின் சுங்குடியில் பொட்டுப் பொட்டான புள்ளிகள். வீடியோவைச் சுருக்கும் நிரலான என்கோடரைச் சோதிக்க ஒருவர் திட்டமிட்டுப் படம் எடுத்தாலும் இவ்வளவு கடினமாக எடுக்க மாட்டார்.

எல்லா விநாடிக்கும் ஒரே அளவு பிட் என்று வைத்தால், வரவேற்பு வரிசைக்கு மிஞ்சிப் போகும், மாங்கல்யதாரணத்துக்குப் போதாது. அதனால்தான் மாறும் பிட்ரேட்டில் இரண்டு சுற்று ஓட்ட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். முதல் சுற்றில் என்கோடர் முழு வீடியோவையும் பார்த்து எங்கே கடினம், எங்கே எளிது என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் சுற்றில் அதற்கேற்பப் பங்கிடும். உச்சத்தை 8 மெகாபிட்டோடு நிறுத்திவிடுவேன். விதி அதற்கு மேல் அனுமதித்தாலும், வீட்டில் எழுதிய டிஸ்கை அந்த வேகத்தில் படிக்கப் பழைய பிளேயர்கள் திக்கும். இரண்டு சுற்று என்றால் நேரமும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மாலையில் ஓடவிட்டால் காலையில்தான் முடியும். 2012 வாக்கில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, பாதி ராத்திரியில் யுபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்து, இரண்டாம் சுற்றின் முக்கால்வாசியில் கணினி அணைவது வாடிக்கை. ஒரு சுற்றோடு முடித்துக் கொடுத்த ஸ்டூடியோக்காரர்களை அந்த வருடம் மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

மணமக்கள் இருவரையும் ஒரு ரோஜாவின் இதழுக்குள் வைத்துச் சுழற்றுவது, ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாவது, பனிமலைக்கு முன்னால் நிற்கவைப்பது போன்ற அலங்காரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்சி கரையும்போது ஒவ்வொரு புள்ளியும் நிறம் மாறுவதால், எது எங்கே நகர்ந்தது என்ற கணக்கே செல்லாது, பிட் கொட்டும். வெறும் வெட்டு என்றால் ஒரே ஒரு புதிய முழுப் படத்தோடு வேலை முடிந்தது. ரோஜா இதழை ரசிப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த இதழ் தின்ற பிட் மணப்பெண்ணின் முகத்துக்குப் போயிருக்க வேண்டியது.

யாரும் கவனிக்காத இன்னொரு திருட்டு ஒலியில் நடந்தது. டிவிடியில் ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் முறையில் வைத்தால் விநாடிக்குச் சுமார் 1.5 மெகாபிட் போய்விடும். ஒலியைச் சுருக்கும் ஏசி-3 முறையில் 192 அல்லது 224 கிலோபிட்டில் அதே நாதஸ்வரமும் தவிலும் போதுமான அளவு நன்றாகவே கேட்கும். அதுவும் கேமராவின் மைக்கிலேயே பிளிறி உடைந்த தவிலுக்குச் சுருக்காத ஒலி எதற்கு? மூன்று மணி நேர டிஸ்கில் கிடைப்பதே 3.5 மெகாபிட். அதில் 1.5ஐ ஒலிக்குக் கொடுத்துவிட்டு, படம் ஏன் உடைகிறது என்று கேமராக்காரரைத் திட்டுவார்கள். மென்பொருளின் ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தாலே பாதி நோய் தீர்ந்திருக்கும். எந்த முறையானாலும் ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், விசிடிக்காக 44.1இல் செய்ததை அப்படியே தூக்கி டிவிடிக்குள் போட முடியாது.

இடத்தை மீட்க நான் கண்ட வழிகளில் எனக்குப் பிடித்தது, டிவிடியின் விதிப்புத்தகத்தில் அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் இருக்கிறது. டிவிடியின் படம் 720 புள்ளி அகலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 352க்கு 576 என்ற பாதி அகலமும் அனுமதிக்கப்பட்டதே. பிளேயர் அதை இழுத்துத் திரை நிரப்பிக் காட்டும். பக்கவாட்டுத் துல்லியம் குறையும், ஆனால் கட்டங்கள் உடையாது. மொய் எழுதும் வரிசை, மேடையில் ஏறி இறங்கும் வரிசை இவற்றை அப்படிப் பாதி அகலத்தில் செய்து, முகூர்த்தத்தையும் சீரையும் முழு அகலத்தில் வைக்கலாம். டிஸ்கில் படங்களைப் பிரித்துவைக்கும் பகுதிக்குத் தலைப்புத் தொகுதி என்று பெயர். ஒரே தொகுதிக்குள் இரண்டு அளவையும் கலக்கக் கூடாது என்பது விதி. ஆகவே இரண்டு தனித்தனித் தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும். உசிலம்பட்டிப் பெரியவருக்குச் செய்து கொடுத்தது இந்த ஏற்பாடுதான். தட்டுகள் இருபத்தொன்றும் முழுத் தெளிவோடு முதல் தொகுதியில் நடந்து போயின. மேடை வரிசை இரண்டாவது தொகுதியில் கொஞ்சம் மங்கலாக நின்றது. மங்கலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆதரிங் என்கிற வேலைக்கு வருகிறேன். படத்தையும் ஒலியையும் விதிப்படி மாற்றிவிட்டாலே டிவிடி ஆகிவிடுவதில்லை. டிஸ்கைக் கணினியில் திறந்தால் வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள், ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மிகாத வாப் கோப்புகள் இருக்கும். படமும் ஒலியும் மெனுவும் அவற்றுக்குள்தான். பக்கத்தில் சின்னஞ்சிறு ஐஎஃப்ஓ கோப்புகள். எதற்குப் பின் எது, ரிமோட்டில் எதை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்பது அவற்றில். அதே கோப்பின் நகல் பியூபி என்ற பெயரில் டிஸ்கில் சற்றுத் தள்ளி எழுதப்படும். ஒரு கீறல் இரண்டையும் ஒன்றாகக் கொன்றுவிடக் கூடாது என்ற முன்யோசனை. இந்தக் கட்டமைப்பை உருவாக்குவதுதான் ஆதரிங். இதைச் செய்யாமல், எம்பி4 கோப்பை வெறுமனே டிஸ்கில் எழுதிவிட்டு டிவிடி என்று கொடுத்துவிடுகிறார்கள். அது சில பிளேயரில் ஓடும், பலவற்றில் ஓடாது.

மெனு விஷயத்தில் நான் என் சகாக்களோடு ஒத்துப்போனதே இல்லை. அசையும் மெனு, பின்னணி இசை, எட்டுப் பொத்தான், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் படம் என்று அலங்கரித்தது பெரும்பாலும் ஸ்டூடியோவின் பெயரைக் காட்டத்தான். டிஸ்கைப் போடும் அப்பத்தாவுக்கு ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி நடுப்பொத்தானை அழுத்தத் தெரியாது. பேரன் பள்ளிக்கூடம் போயிருப்பான். மெனு இசை அரை மணி நேரம் திரும்பத் திரும்ப ஓடும். கடைசியில் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். டிஸ்க் உள்ளே போனதும் முதலில் எதை ஓட்ட வேண்டும் என்று கட்டளை எழுத டிவிடியில் இடம் இருக்கிறது. அதில் நேராகப் படத்தைக் கொடுத்துவிட்டால், யாரும் எதையும் அழுத்தாமலே கல்யாணம் தொடங்கிவிடும். மெனு வேண்டுமென்பவர் மெனு பொத்தானை அழுத்தி அங்கே போகட்டும். படம் முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து ஓடச் சொல்லவும் முடியும். எனக்குத் தெரிந்த பாட்டிகளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அத்தியாயக் குறி மெனுவைவிட முக்கியம். ரிமோட்டில் 'அடுத்தது' பொத்தானை எல்லாரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பெண் அழைப்பு, நலங்கு, முகூர்த்தம், சீர், விருந்து என்று குறி வைத்தால் போதும். குறி எங்கே வேண்டுமானாலும் விழாது. அந்த அரை விநாடிக்கு ஒருமுறை வரும் முழுப் படத்தின் மேல்தான் விழும். நீங்கள் கெட்டிமேளத்தின் முதல் அடியில் குறி வைத்தால், மென்பொருள் அதை அடுத்த முழுப் படத்துக்கு நகர்த்தி முதல் அடியைத் தின்றுவிடக்கூடும். புரோகிதர் கையை உயர்த்தும் இடத்தில், சில விநாடி முன்னதாகவே வைத்துவிடுவது நல்லது. ஒரு கையசைவு அதிகமாக வந்தால் யாருக்கும் நட்டமில்லை.

பெயர் எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். பழைய குழாய் டிவிகள் படத்தின் ஓரங்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துவிடும். நாற்புறமும் பத்தில் ஒரு பங்கு விட்டு எழுதாவிட்டால் மணமகளின் பெயரில் கடைசி எழுத்து காணாமல் போகும். மெல்லிய கோடுகள் நடுங்கவும் செய்யும். 'ஞ', 'ணை' மாதிரிச் சுழிப்புள்ள எழுத்துகள் 576 வரிகளுக்குள் ஒல்லியான எழுத்துருவில் அடைத்தால் மைப் பொட்டாகிவிடும். தடித்த எழுத்து, பெரிய அளவு, பின்னால் கருமை. அழகு குறைவுதான், ஆனால் வாசிக்க முடியும். வசன வரிகளில் மட்டும் டிவிடி தமிழுக்கு ஒரு பெரிய நன்மை செய்தது. டிவிடியின் வசன வரி எழுத்தாக இல்லை, படமாக இருக்கிறது. நான்கு நிறத்துக்குள் வரைந்த சிறு படம். பிளேயருக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எந்த மூலையில் செய்த எந்தப் பிளேயரிலும் கொம்பும் காலும் கலையாமல் வரும். பென்டிரைவில் தமிழ் வசன வரிக் கோப்பைப் போட்டு டிவியில் கட்டம் கட்டமாகப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நடுங்குவது பற்றிச் சொன்னேன். அதற்கான காரணம் இந்தக் கதையின் இரண்டாம் பாதிக்கும் தேவைப்படும். நம் பழைய டிவி விநாடிக்கு 25 முழுப் படம் காட்டவில்லை. 50 அரைப் படம் காட்டியது. ஒற்றை வரிகள் ஒருமுறை, இரட்டை வரிகள் மறுமுறை. இரண்டும் வெவ்வேறு கணத்தில் எடுத்தவை. கேசட்டு கேமராவின் DV முறை கீழ் வரியில் தொடங்கும். பிறகு வந்த எச்டி கேமராக்கள் மேல் வரியில் தொடங்கின. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, இரண்டு வகை என்று வந்தபோது, எடிட்டிங்கில் வரிசையைச் சரியாகச் சொல்லாவிட்டால் நடந்து வரும் மாப்பிள்ளை இரண்டடி முன்னால், ஓரடி பின்னால் என்று துடிப்பார். கணினித் திரையில் இது தெரியவே தெரியாது. குழாய் டிவியில் போட்டவுடன் தெரியும். ஆகவே எடிட்டிங் மேசையில் கணினித் திரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிவியும் இருக்க வேண்டும். 2006இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு 14 அங்குலக் குழாய் டிவி வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு மலிவு விலைப் பிளேயர்களும் வந்தன. நாங்கள் செய்த டிஸ்குகள் கடைசியில் ஓடியது அந்தத் திரைகளில்தான். நல்ல வேளையாக 14 அங்குலம் எவ்வளவோ பாவத்தை மறைத்தது.

அகலத்திரை விவகாரமும் அப்படித்தான். டிவிடியில் 4:3 படமும் 16:9 படமும் அதே 720க்கு 576 புள்ளிகள்தான். எப்படி இழுத்துக் காட்ட வேண்டும் என்று ஒரு குறிப்பு மட்டும் வேறுபடும். குறிப்பைத் தவறாகப் போட்டால் மணமக்கள் ஒரே இரவில் பருத்துவிடுவார்கள், அல்லது பனைமரமாக நீள்வார்கள். எந்தக் கல்யாண வீட்டிலும் இதைச் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

எழுதுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதிக வேகத்தில் எழுதாதீர்கள், நடுவேகம் போதும். எழுதி முடித்ததும் இறுதி செய்யப்பட்டதா, சரிபார்ப்பு ஓடியதா என்று பாருங்கள். டிஸ்கின் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். எடை ஒருபக்கம் சாய்ந்து சுழற்சி தள்ளாடும், மதுரை வெயிலில் பசை வேறு இளகும்.

இப்போது பென்டிரைவோடு வருபவருக்கு வருவோம். கைப்பேசியில் எடுத்ததை டிவிடியாக்குவது கேசட்டைவிடச் சிக்கல். பெரும்பாலான கைப்பேசிகள் விநாடிக்குச் சுமார் 30 பிரேம் எடுக்கும். அதுவும் சீராக இல்லாமல், வெளிச்சம் குறைந்தால் குறைத்துக்கொள்ளும். அதை அப்படியே மாற்றினால் ஒலி கொஞ்சம் கொஞ்சமாக விலகி, அரை மணி நேரத்தில் உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் ஆகிவிடும். முதலில் சீரான பிரேம் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் இதைச் செய்யும், டிவிடிக்கான அளவு, பிட்ரேட், ஒலி எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அமைத்தும் கொடுக்கும். 30ஐ 25 ஆக்கினால் ஆறில் ஒரு பிரேம் தொலைந்து அசைவு வெட்டி வெட்டி வரும். நம் ஊரில் 'பால்' முறைதான் என்றாலும், இங்கே விற்ற பிளேயர்களும் டிவிகளும் பெரும்பாலும் வேறு நாடுகளின் என்டிஎஸ்சி முறையையும் ஏற்கும். அதில் 29.97 பிரேம், 480 வரி. வரிகள் குறைந்தாலும் அசைவு வழுக்கிக்கொண்டு போகும் என்பதால் கைப்பேசிக் கல்யாணங்களுக்கு நான் அதையே எடுத்துக்கொள்கிறேன். சோதனைக்கு ஐந்து நிமிட டிஸ்க் ஒன்றைக் கொடுத்து அப்பத்தா வீட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் முழுதையும் தொடங்குவேன். செங்குத்தாக எடுத்த படத்துக்கு இருபுறமும் அதே படத்தை மங்கலாக்கி நிரப்புவது இப்போதைய பழக்கம். அந்த மங்கலும் அசைகிறது, அதற்கும் பிட் போகிறது. வெறும் கறுப்பு விட்டால் செலவே இல்லை. கட்டமைப்புக்கு டிவிடிஸ்டைலர் இலவசம், போதுமானது.

பழைய டிஸ்கோடு வருபவரிடம் முதலில் நான் கேட்பது அது விசிடியா, டிவிடியா என்பதை. டிவிடி என்றால் நம்பிக்கை அதிகம். 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தட்டுகளுக்கு நடுவே அதன் தகவல் அடுக்கு பாதுகாப்பாக இருக்கிறது. விசிடியில் அது பெயர் எழுதும் பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது. மேல்பக்கம் ஒட்டிய மணமக்கள் ஸ்டிக்கரை ஆசையாக உரித்துப் பார்த்தவர் வீட்டில் கல்யாணமும் சேர்ந்து உரிந்து வந்திருக்கும். அதற்கு மருந்து இல்லை.

டிவிடியை மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துவிட்டு, எந்தக் கோப்பையும் திறக்காமல் முதலில் முழு டிஸ்கையும் ஐஎஸ்ஓ பிம்பமாக நகலெடுக்க வேண்டும். ஒரு டிரைவ் படிக்க மறுக்கும் டிஸ்கை இன்னொரு டிரைவ் படிக்கும். படிக்க முடியாத இடங்களைக் குறித்துவைத்துத் திரும்பத் திரும்ப முயலும் டிடிரெஸ்க்யூ போன்ற நிரல்கள் உண்டு. பிறகு வாப் கோப்புகளை ஒட்டி, மறுபடி சுருக்காமலே எம்கேவி கோப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். டிஸ்கில் இருந்தது அப்படியே இருக்கும். கைப்பேசிக்கென்று தனியாக ஒரு எம்பி4 செய்யும்போதுதான் அந்த 50 அரைப் படங்களைப் பற்றி யோசிக்க வேண்டும். பிரிக்காமல் மாற்றினால் கையை அசைக்கும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு நிற்கும். இரண்டு அரைப் படத்தை ஒரு முழுப் படமாக்கி 25இல் முடிப்பவர்கள் பாதி அசைவைத் தூக்கி எறிகிறார்கள். ஒவ்வொரு அரைப் படத்தையும் ஒரு முழுப் படமாக வளர்த்து 50 பிரேமில் வைத்தால், அன்று குழாய் டிவியில் எவ்வளவு வழுக்கலாக இருந்ததோ அதே வழுக்கல் கைப்பேசியிலும் வரும்.

"அப்படியே இதை 4கே ஆக்கிவிடுங்கள்" என்று கேட்கிறார்கள். மாட்டேன் என்கிறேன். 2 மெகாபிட்டில் அன்றைக்கே கரைந்துபோன கண்ணிமையை இன்று ஒரு மென்பொருள் வரைந்து கொடுக்கும்; ஆனால் அது அந்த அத்தையின் கண்ணிமையாக இருக்காது. கேசட் எங்காவது பரணில் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள், அதில் இன்னும் 25 மெகாபிட் இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறேன். சிலர் தேடிக் கொண்டும் வந்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஐஎஸ்ஓவும் எம்கேவியும் ஒரு ஹார்டு டிஸ்கில், எம்பி4 கைப்பேசியில். அதைக் குடும்பக் குழுவில் பகிரும்போது மட்டும் வீடியோவாக அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப் இன்னொரு முறை நசுக்கிவிடும். டாக்குமெண்ட் என்று தேர்ந்து அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.